தரங்கம்பாடியில் பாடம் சொன்னவர்கள்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் துபாயிலிருந்து பேசினார். அவர் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம். சொந்த ஊரில் வாழ்ந்த புகழ்பெற்ற மனிதர்கள் ஐந்து பேரைப் பற்றி எழுதி, படம் ஒட்டிக்கொண்டு போகவேண்டும். சொந்த ஊர் தரங்கம்பாடி. பிள்ளை கெட்டிக்காரி, தானே தேடி ஐந்து பேரைக் கண்டுபிடித்துவிட்டாள். கோட்டை கட்ட வந்த ஓவே கெட்டே, பாதிரியார்கள் சீகன்பால்க், புளுட்சோ, ஜான், கவர்னர் பீட்டர் ஆங்கர். எல்லாம் சரியான பெயர்கள்தான். போனை அப்பாவிடமிருந்து வாங்கி அவள் என்னிடம் கேட்டது இது: "ஏன் தாத்தா, அஞ்சு பேருமே வெளிநாட்டுக்காரங்களா இருக்காங்களே, நம்ம ஊர்ல நம்ம ஆளுங்க யாருமே இல்லையா?"

அவளுக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். விரிவான பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். நாற்பத்தைந்து நிமிஷப் பாடவேளையில் நான் சொல்லாமல் விட்டவையும் இதில் உண்டு. பாடப்புத்தகத்தில் தரங்கம்பாடிக்கு ஒரு வரிதான் இடம், அந்த ஒரு வரியில் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், போனார்கள், அவ்வளவுதான்.

முதலில் பின்னணி. கடலுக்குள் பாதி போய்விட்ட மாசிலாமணிநாதர் கோயிலை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டில் நம் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். ஆக, டேனிஷ்காரன் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இது வெறும் மணல்மேடு அல்ல. கோயிலும் கடைவீதியும் மீன்பிடித் துறையும் மரக்கலம் ஓட்டும் ஆட்களும் இருந்த ஊர். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ் அரசருக்கு இங்கே கோட்டை கட்டவும் வியாபாரம் செய்யவும் அனுமதி கொடுத்தார். அவர் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அந்தத் தமிழை வடித்து, ஏட்டில் கீறிக் கொடுத்த எழுத்தர் யார்? பெயர் இல்லை. இந்தப் பதிவு முழுக்க இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

இனி 1706க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூலை 9ஆம் தேதி டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் நம் கரையில் இறங்கினார்கள். சீகன்பால்குக்கு 24 வயது. அவரோடு வந்தவர் ஹைன்ரிக் புளுட்சோ. கம்பெனி அதிகாரிகளுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் மதப் பிரச்சாரம் எதற்கு, ஊர்க்காரர்கள் கோபப்பட்டால் சரக்கு யார் கொடுப்பார்கள் என்ற கணக்கு அவர்களுக்கு. வந்தவர்களுக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. அகராதி கிடையாது, இலக்கணப் புத்தகம் கையில் கிடையாது. அப்படிப்பட்ட ஓர் ஆள், ஐந்தே ஆண்டில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடிக்கிறார். அது எப்படி நடந்தது?

ஒரு கிழவர் இருந்தார். எழுபது வயது. ஊரில் பள்ளிக்கூடம் நடத்திவந்த வாத்தியார். சீகன்பால்க் அவரைத் தேடிப் பிடித்து, உங்கள் பள்ளிக்கூடத்தையே எங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். கிழவர் சம்மதித்தார். அப்புறம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி உட்கார்ந்து அ, ஆ என்று சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நடுவில் இரண்டு வெள்ளைக்காரப் பாதிரிகளும் தரையில் உட்கார்ந்து விரலை மணலில் வைத்து எழுதுகிறார்கள். பக்கத்துப் பையன் சரியாக எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருப்பான், சந்தேகமே இல்லை. முப்பத்து மூன்று வருஷம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன், எழுபது வயதில் அயல் மொழிக்காரனுக்கு அ, ஆவிலிருந்து ஆரம்பிப்பதற்கு இருக்கவேண்டிய பொறுமை லேசானது அல்ல. வாத்தியாருக்கு அவர் மொழி தெரியாது, மாணவருக்கு இவர் மொழி தெரியாது. எழுத்து வந்துவிட்டது, பொருள் எப்படி வரும்?

இங்கே ஒரு கிளைக்கதை. மணலில் எழுதுவதும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் திண்ணைப் பள்ளி வழக்கம். சட்டாம்பிள்ளை என்ற சொல் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர் இதைப் பார்த்துத் தன் பள்ளியில் கையாண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அங்கேயும் ஒரு பெயர் நின்றது, நம் சட்டாம்பிள்ளைகள் பெயர் நிற்கவில்லை.

பொருள் எப்படி வரும் என்று கேட்டேன் அல்லவா, அதற்கு ஒருவர் வந்தார். அவர்தான் அழகப்பன். ஜெர்மன் ஆவணங்களில் அவர் பெயர் அலெப்பா என்று இருக்கும். டேனிஷ் கம்பெனிக்குத் துபாஷாக வேலை பார்த்தவர். துபாஷ் என்றால் இரண்டு மொழிக்காரர் என்று அர்த்தம். இவருக்கோ தமிழைத் தவிர போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு என்று நான்கு பாஷை வரும். அந்தக் காலத்தில் கடற்கரை ஊர்களில் எல்லா நாட்டுக்காரனுக்கும் பொதுவாக இருந்த மொழி போர்த்துகீசியம். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமல், துறைமுகத்திலும் பண்டகசாலையிலும் நின்று கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட படிப்பு அது. அழகப்பன் வந்த பிறகுதான் சீகன்பால்குக்குத் தமிழ் திறந்தது.

சீகன்பால்க் தன் தினப்படி வேலையைக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். காலை ஏழிலிருந்து எட்டு வரை முன்பு படித்த சொற்களை மீண்டும் சொல்லிப் பார்ப்பது. எட்டிலிருந்து உச்சி வரை இதுவரை படிக்காத தமிழ் நூல்களைப் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவர் உட்கார்ந்து பொருள் சொல்வார். ஓர் எழுத்தர் புதிய சொற்களை உடனுக்குடன் எழுதிக்கொள்வார். சாயங்காலமும் படிப்பு. ராத்திரியில் கண் வலிக்கக்கூடாது என்று வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. ஆக, ஒரு மனிதர் தமிழ் கற்றுக்கொள்ள, சுற்றி மூன்று நான்கு தமிழர்கள் நாள் முழுக்க உழைத்திருக்கிறார்கள். 1708இல் தாம் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் ஒரு பட்டியல் எழுதினார். திருக்குறளும் அதில் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் என்ன பொருள், யார் எழுதியது என்ற குறிப்பும் உண்டு. இரண்டு வருஷத்தில் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு அவ்வளவும் தெரிந்திருக்குமா? பக்கத்தில் இருந்த புலவர் சொல்லச் சொல்ல எழுதியதுதான். சீகன்பால்க் அதை மறைத்ததும் இல்லை. புலவரையும் எழுத்தரையும் பற்றித் தன் கையாலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். நாம்தான் அந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை.

இந்த உழைப்புக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? கவர்னர் ஹசியஸ் சீகன்பால்கைப் பிடித்து டேன்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். இதை எல்லோரும் சொல்வார்கள், கோட்டைக்குப் போனால் அந்த அறையைக் காட்டுவார்கள். அழகப்பனை ஊரை விட்டே விரட்டினார்கள், அதை யாரும் சொல்வதில்லை. மிஷனரிகளோடு சேர்ந்த தமிழர்களுக்கு ஊர்விலக்கு, சிறை இரண்டும் நேர்ந்தன. பாதிரியாருக்காகப் பேச ஐரோப்பாவில் அரசர் இருந்தார், ஹாலே நகரத்துப் பேராசிரியர்கள் இருந்தார்கள். துபாஷுக்காகப் பேச யார் இருந்தார்கள்? கம்பெனி ஒரு பக்கம், சொந்தச் சாதி சனம் இன்னொரு பக்கம் என்று இரண்டு பக்கமும் இடி.

அழகப்பன் பிறகு திரும்பி வந்தார், மறுபடியும் சீகன்பால்கோடு வேலை செய்தார். 1712 முதல் 1714 வரை நம் பக்கத்துத் தமிழர்களுக்கு மிஷனரிகள் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில்களை வாங்கி, ஜெர்மனில் மொழிபெயர்த்தார்கள். மொத்தம் 99 கடிதங்கள். 1714இலும் 1717இலும் இரண்டு தொகுதிகளாக ஹாலேயில் அச்சாயின. இவற்றில் பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பனே என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான் இந்தக் கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தேன். ஒரே இரவில் படித்து முடித்தேன் என்றால் நம்புங்கள்.

கேள்விகள் எப்படிப்பட்டவை? உங்கள் கல்யாணம் எப்படி நடக்கிறது, வைத்தியம் எப்படி, வானத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எங்கள் மதத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள். பதில்களில் பயமே கிடையாது. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டை அடித்துத் தின்கிறார்கள், ஒழுங்காகக் கழுவிச் சுத்தம் செய்துகொள்வதில்லை, எங்களைக் கேவலமாக நடத்துகிறார்கள், உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கட்டும், உங்கள் நடத்தையைப் பார்த்த பிறகு எப்படி வருவது என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை நான் எடுத்துத் தரவில்லை, சாரம் அது. இதில் சாதிப் பெருமையும் கலந்திருக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோட்டைக்குள் பீரங்கி வைத்திருக்கிறவனிடம் 300 வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க்காரர் இப்படிப் பேசியிருக்கிறார். மொழிபெயர்த்தவர்களும் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அந்த நேர்மையையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ் மூலம் போய்விட்டது. ஜெர்மன் வழியாகத்தான் நம் ஊர்க் குரலை நாம் இன்று கேட்கிறோம்.

கணபதி வாத்தியார் என்று ஒருவர். முன்னே சொன்ன கிழவரின் மகன், புலவர். 1709இல் அவர் கிறிஸ்தவராக மாறியபோது வீட்டிலும் ஊரிலும் பெரிய எதிர்ப்பு. அப்பா பாதிரிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், பிள்ளை அவர்களோடே போய்விட்டான் என்றால் அந்தக் கிழவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? கணபதி தமிழ்ச் செய்யுளில் கிறிஸ்தவப் பாடல்கள் இயற்றினார். ஜெர்மன்காரர்களின் பழைய அறிக்கைகளில் "வாத்தியார்" என்ற சொல் ஐரோப்பிய எழுத்தில் அப்படியே கிடக்கிறது. அந்தச் சொல்லை ஹாலே வரைக்கும் கொண்டுபோனவர்கள் இவர்கள். என்னை வாத்தியார் என்று கூப்பிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்து 'சார்' என்று திருத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தவர் மலையப்பன். இவர் கதையைச் சினிமாவாக எடுக்கலாம். பதினான்கு பதினைந்து வயசுப் பையன். 1714 அக்டோபரில் சீகன்பால்க் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார், தன்னோடு மலையப்பனையும் அழைத்துப்போனார். ஏன்? தமிழ் வாயிலிருந்து போய்விடக்கூடாது, பாதியில் நிற்கிற எழுத்து வேலைக்கு ஒரு தமிழ் ஆள் பக்கத்தில் வேண்டும். 1715 ஜூன் மாதம் கப்பல் நார்வேயின் பெர்கன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எட்டு மாதம் கடலில். நம் ஊர் மார்கழிக் குளிருக்கே கம்பளி தேடுகிறவர்கள் நாம், அந்தப் பையன் ஜெர்மனியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறான். 1716இல் ஹாலேயில் சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் அச்சாகி வந்தது. அட்டையில் ஒரு பெயர்தான். அந்த இலக்கணம் உருவான நாட்களில் சந்தேகம் கேட்க அங்கே இருந்த ஒரே தமிழ் வாய் மலையப்பனுடையது. அதே ஆண்டில் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். மலையப்பன் பிற்பாடு மிஷனில் எழுத்து, மொழிபெயர்ப்பு வேலைகளைப் பார்த்தார். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற என் மாணவர்களே, உங்கள் வரிசையில் முன்னால் நிற்கிறவர் அவர்தான்.

அச்சுக்கூடத்தைப் பற்றி ஒரு திருத்தம். தமிழில் முதல் புத்தகம் தரங்கம்பாடியில்தான் அச்சானது என்று நம் ஊர்ப் பெருமையாக வாட்ஸப்பில் வருடத்துக்கு நாலு முறை வருகிறது. தவறு. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வந்துவிட்டது. நம் ஊரின் பெருமை வேறு. 1713இல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன, ஆனால் அவை மிகப் பெரியவை, அவற்றை வைத்து அச்சிட்டால் காகிதம் தாங்காது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயம் போதாமல், பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களை உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது, இந்திய மொழி ஒன்றில் அதுவே முதல். காகித ஆலையை எங்கே வைத்தார்கள்? எங்கள் பொறையாரில். எழுத்துக் கோத்த கைகளும், காகிதக் கூழ் கலக்கிய கைகளும் யாருடையவை என்று கேட்டால், பழையபடி பதில் இல்லை.

சீகன்பால்க் 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்துபோனார். அதற்கு முந்தின ஆண்டுதான் ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம் எழும்பியிருந்தது. அதே 1718இல் அவர் ஞானஸ்நானம் கொடுத்த ஓர் இளைஞர் உண்டு. கடலூர் வணிகர் ஒருவரின் மகன், பெயர் ஆறுமுகம். ஆரோன் என்று பெயர் மாறியது. உபதேசியாராக நடந்து நடந்து கிராமங்களுக்குப் போய் வேலை பார்த்தார். 1733 டிசம்பர் 28ஆம் தேதி அந்த ஆலயத்தில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவிலேயே புராட்டஸ்டன்ட் சபையில் குருவான முதல் இந்தியர் அவர். இந்த ஒரு தீர்மானத்துக்கு மிஷனுக்கு 27 ஆண்டுகள் பிடித்தன. பாடம் சொல்லித்தர, எழுதித்தர, வழிகாட்ட முதல் நாளே தமிழன் வேண்டியிருந்தது. பீடத்தில் நிற்க மட்டும் 27 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆரோன் 1745இல் காலமானார்.

பெண்களை விட்டுவிட்டேனா என்று என் மாணவிகள் கேட்பீர்கள். 1707லேயே இங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்த சிறுமிகள் யாருமே புத்தகத்தின் தலைப்பாக மாறவில்லை. சுவடிகளைப் பற்றிச் சீகன்பால்க் சொல்கிற ஒரு தகவல் என் மனசில் நிற்கிறது. அவர் வாங்கிய சுவடிகளில் சில, கணவனை இழந்த பிராமணப் பெண்கள் குறைந்த விலைக்குக் கொடுத்தவை. கணவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த ஏடுகளைக் கட்டாகக் கட்டி வெள்ளைக்காரனிடம் கொடுத்து அரிசி வாங்கியிருப்பார்கள். அவர்கள் கொடுத்ததால்தான் அந்த நூல்களைப் பற்றிய குறிப்புகள் ஐரோப்பாவுக்குப் போயின. வறுமை செய்த நூலகப் பணி என்று சொல்வதா, என்ன சொல்வது?

இனி மீன் கதை. மீனவத் தெருப் பிள்ளைகள், வகுப்பில் தூங்கினாலும், இதற்கு விழித்துக்கொள்வீர்கள்.

1771இல் இங்கே வந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். பாதிரியார், பள்ளிக்கூடம் நடத்தியவர், நம் ஜாதிதான், அதாவது வாத்தியார் ஜாதி. 1813இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தார். கிராமங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளிகள் வேண்டும் என்று கடைசிக் காலத்தில் எழுதி லண்டனில் புத்தகம் வெளியிட்டவர். இவருக்கு இன்னொரு பித்து, சங்கு, சிப்பி, மீன், பாம்பு சேகரிப்பது. கிடைத்ததை எல்லாம் பதப்படுத்தி பெர்லினில் இருந்த ப்ளாக் என்ற மருத்துவருக்கு அனுப்புவார். ப்ளாக் உலக மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தவர். தரங்கம்பாடியிலிருந்து போன மீன்களில் ஒரு சங்கராவுக்கு ஜானின் பெயரை வைத்தார். கத்தாளை இனத்துக்கே ஜானியஸ் என்று பெயர் வைத்துவிட்டார். நம் கொல்லையில் மண்ணுக்குள் கிடக்கிற மண்ணுளிப் பாம்பு இருக்கிறதே, வால் எது தலை எது என்று தெரியாமல் இருக்கும், அதற்கும் விஞ்ஞானப் பெயரில் ஜான் இருக்கிறார். அவர் தரங்கம்பாடியிலிருந்து கொடுத்த பாம்பை வைத்து 1801இல் வேறொருவர் வைத்த பெயர் அது.

ஜான் கட்டுமரம் ஏறி வலை வீசினாரா? இல்லை. மீனைப் பிடித்தவரும், இது இன்ன மீன், இந்த மாசத்தில் இந்த ஆழத்தில் வரும் என்று சொன்னவரும் நம் பட்டினவர்தான். அவர்கள் பெயர் எந்த ஜாடியிலும் ஒட்டப்படவில்லை. ஆனால் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. கறுப்பாக இருக்கிற ஒரு கத்தாளைக்கு ப்ளாக் வைத்த முழுப் பெயர் ஜானியஸ் கருட்டா. அந்த 'கருட்டா' லத்தீன் அல்ல. நம் ஆள் கரையில் நின்று "இது கருத்த கத்தாளைங்க" என்று சொன்ன 'கருத்த'. ஜான் கேட்டபடி எழுதி அனுப்ப, பெர்லினில் அதுவே உலகப் பெயராகிவிட்டது. டோக்கியோவில் இருக்கிற மீன் ஆராய்ச்சியாளரும் இன்று அந்த மீனைத் தரங்கம்பாடித் தமிழில்தான் கூப்பிட்டாக வேண்டும். சொன்னவரின் பெயர் போனாலும் சொல் மாட்டிக்கொண்டது.

அதேபோல டால்டார்ஃப் என்று கோட்டையில் ஒரு ராணுவ அதிகாரி. 1791 நவம்பரில் ஒரு பனைமரத்தில் மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதி லண்டன் விஞ்ஞானிகளை அசரவைத்தார். மீன் மரம் ஏறுமா என்று ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு மேல் வாதம் நடந்தது. நம் ஊரில் அந்த மீனுக்குப் பெயரே பனையேறி. மழை பெய்தால் குளத்தை விட்டு வெளியேறித் தரையில் ஊர்ந்துபோகும் என்று வயலில் நிற்கிற எந்தப் பாட்டியும் சொல்வாள். மரத்தின் உச்சிவரை ஏறுகிற கதையை நான் நம்பவில்லை, டால்டார்ஃப் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார். பெயரை வைத்தவர்கள் அவருக்கு முன்னாலேயே பார்த்தவர்கள் என்பது மட்டும் நிச்சயம்.

பிறகு ஊர் இறங்குமுகம். 1808இல் ஆங்கிலேயர் பிடித்து ஏழு வருஷம் வைத்திருந்தார்கள். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து டேனிஷ்காரர்கள் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அதற்குள் குடியிருந்தவர்களையும் சேர்த்துத்தான் விற்பனை, யாரிடமும் கேட்கவில்லை. தஞ்சை ஜில்லாக் கலெக்டர் அலுவலகம் கொஞ்ச காலம் இங்கே இருந்தது, 1860இல் அதுவும் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. மறு வருஷம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கு அங்கே போனது, நம் துறைமுகம் தூங்கிவிட்டது.

அந்த இறங்குமுக நாட்களில் இங்கே முன்சீப்பாக இருந்தவர் யார் தெரியுமா? மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிப் பக்கத்துக் குளத்தூர்க்காரர். மாயூரம் என்ற அடைமொழி பிறகு வந்து ஒட்டியது, அதற்கு முன்னால் தரங்கம்பாடியில் நீதிபதி. 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்று தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்டவர் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள், ஒரு மார்க் கேள்வி. அவருடைய 'நீதிநூல்' வெளிவந்தது 1859இல். உயர்நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தால் வழக்கு நடத்துகிற குடியானவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டு அவற்றைத் தமிழில் கொண்டுவந்தார். கையில் அதிகாரம் இருந்தும் மொழியைப் பூட்டி வைக்காதவர். நம் ஊர்ப் பட்டியலில் இவரை ஏன் யாரும் சேர்ப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

ஆக, துபாய்ப் பேத்திக்கு நான் கொடுத்த ஐந்து பேர்: அழகப்பன், கணபதி வாத்தியார், மலையப்பன், ஆரோன், வேதநாயகம் பிள்ளை. எழுபது வயது வாத்தியாருக்குப் பெயர் தெரியாததால் படம் ஒட்ட வேண்டாம், மணலில் 'அ' என்று எழுதிய ஒரு விரலை வரைந்துகொள் என்று சொன்னேன். வெளிநாட்டு ஐவரையும் எடுக்க வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன். சீகன்பால்க் இல்லாமல் அழகப்பனை நமக்குத் தெரிந்தே இருக்காது. காகிதத்தில் குறித்து வைப்பது அவர்களிடம் இருந்த பழக்கம், நம்மிடம் அது குறைவு. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது கடலோரத் தெருக்களில் உயிர்கள் போனதோடு டிரங்குப் பெட்டிகளும் போயின. பெட்டிக்குள் இருந்த பத்திரங்களும் கல்யாணப் படங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் போயின. பல குடும்பங்களில் தாத்தாவுக்கு மேல் பெயர் சொல்ல இன்று காகிதம் இல்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடி, பொறையார், தில்லையாடி, சாத்தங்குடி வட்டாரத்தில் யார் வீட்டிலாவது பழைய கிரயப் பத்திரம், ஓலை, ஞானஸ்நானச் சீட்டு, நிக்காஹ் பதிவு, படகு லைசென்ஸ், வியாபாரக் கணக்கு நோட்டு எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஓலையாக இருந்தால் துடைக்கிறேன் என்று தண்ணீர் படவிடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் அவர்களுடைய தாத்தா பாட்டி பெயர், தொழில், எந்தத் தெரு, இந்த மூன்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். கண்ணாடி மாற்றிவிட்டேன், கையெழுத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும் படித்துவிடுவேன்.